கதவில்லாத கல்லறைகள்: கியோங்ஜுவின் புல்மேடுகளைப் பார்க்கப் போகும்முன்

தென்கொரியாவின் கியோங்ஜு நகருக்குச் சுற்றுலா போகிற ஏறக்குறைய எல்லோரும் அங்கே ஒரு கல்லறைக்குள் நுழைந்து பார்த்துவிட்டு வருகிறார்கள். சியோன்மாச்சோங் என்று பெயர். அது கைபழகுவதற்காகத் தோண்டிய கல்லறை என்பது பலருக்குத் தெரியாது.

1971இல் அதிபர் பாக் சுங்-ஹீயின் அரசு கியோங்ஜுவைச் சுற்றுலா நகரமாக்கத் திட்டம் போட்டது. ஊர் நடுவே நிற்கும் மண்மேடுகளில் ஆகப் பெரியதான 98ஆம் எண் மேட்டைத் திறந்து, மக்கள் உள்ளே போய்ப் பார்க்கிற மாதிரி செய்ய வேண்டும் என்பது மேலிடத்து விருப்பம். அகழாய்வாளர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அவ்வளவு பெரிய மேட்டில் அதுவரை யாரும் கைவைத்ததில்லை. அதனால் பக்கத்தில் சரிந்து உருக்குலைந்து கிடந்த 155ஆம் எண் மேட்டில் முதலில் பழகிப் பார்க்கிறோம் என்று அனுமதி வாங்கினார்கள். 1973 ஏப்ரலில் வேலை தொடங்கியது. ஜூலையில் தங்க மகுடம் வெளியே வந்தது. முடிக்கும்போது கையில் 11,000க்கும் அதிகமான பொருள்கள். ஒத்திகை பார்க்கப் போன இடத்தில் புதையல் அகப்பட்ட கதைதான்.

அந்தக் கோடையில் ஊரில் மழை இல்லை. ராஜா கல்லறையைத் தோண்டுவதால்தான் வானம் பொய்த்தது என்று ஊர்க்காரர்கள் முணுமுணுத்தார்கள். மகுடத்தைத் தூக்கிய நேரத்தில் தெளிவாக இருந்த வானம் திடீரென்று கறுத்து இடி இடித்தது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு அதைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிவது வேறு: இவ்வளவு தங்கம், ஒரு நகரத்தின் நடுவில், ஏறக்குறைய 1,500 ஆண்டுகள் யார் கையிலும் சிக்காமல் எப்படி இருந்தது? காவலுக்கு ஆள் இல்லை. மேட்டை ஒட்டி வீடு கட்டி, தோட்டம் போட்டு ஜனங்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அரசுகள் மாறியிருக்கின்றன, படைகள் வந்து போயிருக்கின்றன.

இந்தக் கல்லறைகளுக்குக் கதவு இல்லை. அவ்வளவுதான் விடை. தங்கம் தப்பியதும், உள்ளே இருப்பவர் பெயர் தொலைந்ததும், மேடுகளின் வடிவமும்கூட அந்த ஒன்றிலிருந்து வருகின்றன. அதைப் புரிந்துகொண்டு போனால், பச்சைக் குன்றுகளாக மட்டும் தெரிகிற இடத்தில் பார்க்க நிறைய இருக்கும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. கியோங்ஜு, சில்லா அரசின் தலைநகர். மரபுக் கணக்குப்படி சில்லா கி.மு. 57இல் தொடங்கி கி.பி. 935இல் முடிந்தது, மொத்தம் 56 அரசர்கள். இவ்வளவு காலமும் தலைநகர் இந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. நாம் பார்க்கும் பெரிய மேடுகள் எல்லாக் காலத்தவையும் அல்ல. பெரும்பாலும் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, சுமார் ஒன்றரை நூற்றாண்டில் எழுப்பியவை. அப்போது சில்லாவை ஆண்டவர்களுக்கு ‘மரிப்கான்’ என்று பட்டம்; சீன முறையில் ‘வாங்’ என்று அழைத்துக்கொள்வது பிற்பாடுதான் வந்தது. சின்ன அரசு வேகமாக வளர்ந்துகொண்டிருந்த காலம். செத்தவருக்கு எழுப்பும் மேட்டின் உயரத்தை உயிரோடு இருக்கிற அக்கம்பக்கத்து அரசர்களும் பார்ப்பார்கள் அல்லவா.

சரி, மேட்டுக்குள் என்ன இருக்கிறது? முதலில் தரையிலோ ஆழம் குறைந்த பள்ளத்திலோ கனத்த மரங்களை அடுக்கி ஓர் அறை. அதற்குள் மரப்பேழை, பேழையில் உடல். தலைமாட்டில் இன்னொரு பெட்டி. சட்டி பானை, வாள், குதிரைச் சாமான் எல்லாம் அதில். அறையை மூடியதும் ஆற்றுக் கூழாங்கற்களைக் கொண்டுவந்து நாலா பக்கமும் மேலேயும் குவிப்பார்கள். தலை அளவுக்கு உருண்டை உருண்டையான கல். நம் தொல்லியல் ஆட்கள் கற்குவை என்பார்களே, அதே மாதிரி, ஆனால் ஒரு வீட்டை விழுங்கும் அளவுக்கு. அந்தக் குவையின் மேல் களிமண் பூச்சு. அதற்கும் மேலே மண்ணைக் கொட்டி, மிதித்துக் கெட்டியாக்கி, ஒரு குன்று. கடைசியில் புல்.

கல்லின் கணக்கைப் பார்த்தால்தான் உழைப்பு புரியும். கியோங்ஜுவின் ஜோக்செம் பகுதியில் 44ஆம் எண் கல்லறையை 2014 முதல் 2023 வரை நிதானமாகத் தோண்டினார்கள். மேலே கூரை போட்டு, பார்வையாளர்கள் நின்று வேடிக்கை பார்க்க வசதி செய்துகொடுத்து, கற்களை எண்ணி எடை போட்டும் பார்த்தார்கள். சுமார் 1,60,000 கற்கள், ஏறக்குறைய 1,000 டன். இத்தனைக்கும் இது பெரிய மேடு அல்ல, விட்டம் சுமார் 30 மீட்டர்தான். உள்ளே இருந்தது பத்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. உயரம் 130 சென்டிமீட்டர் இருக்கலாம் என்று, அவள் அணிந்திருந்த நகைகள் கிடந்த வரிசையைப் பார்த்துச் சொல்கிறார்கள், எலும்பு மிஞ்சவில்லை. அவளோடு பதுக் என்ற பலகை விளையாட்டின் காய்கள் 800க்கும் மேல் இருந்தன. பொன்வண்டு மாதிரி மினுங்கும் ஒரு வண்டின் பச்சைச் சிறகுகளைப் பதித்த குதிரைச் சாமானும் இருந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு ஆயிரம் டன் கல் என்றால் 98ஆம் எண் மேட்டுக்கு எவ்வளவு சுமந்திருப்பார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அமைப்பு திருடனுக்கு என்ன செய்யும் என்று பாருங்கள். மண்ணில் சுரங்கம் தோண்டலாம், பக்கவாட்டில் முட்டுக்கொடுத்துக்கொண்டே போகலாம். ஆனால் கற்குவையைத் தொட்டதும், ஒரு கல்லை உருவினால் மேலிருந்து பத்துக் கல் உருளும். உப்புமூட்டையில் ஓட்டை போட்டு உள்ளே நுழையப் பார்ப்பது போலத்தான். நூறு ஆட்களைக் கூட்டி மேலேயிருந்து ஒவ்வொன்றாக இறக்கினால்தான் வழி கிடைக்கும். அதை ராத்திரியோடு ராத்திரியாகச் செய்ய முடியாது. நாளாக ஆக மர அறை உளுத்து இற்றுப்போகும். அப்போது மேலே இருந்த கல் முழுவதும் ‘தடால்’ என்று உள்ளே இறங்கி, பேழையையும் பொருளையும் அமுக்கிப் பூட்டிவிடும். சில மேடுகளின் உச்சி லேசாகக் குழிந்திருப்பதைப் பார்க்கலாம். கீழே மரம் இற்ற கதை அங்கே தெரிகிறது.

அதே காலத்தில் பக்கத்து அரசுகளான கோகுர்யோவும் பேக்ஜேயும் கல்லால் அறை கட்டி, அதற்கு நடைபாதையும் வாசலும் வைத்தார்கள். வாசல் இருந்தால் வழி கண்டுபிடித்துவிடலாம். அவற்றில் மிகப் பெரும்பாலானவை சூறையாடப்பட்டன. கோகுர்யோ கல்லறைகளில் சுவர் ஓவியங்கள் மிஞ்சின. சுவரைச் சுருட்டிக்கொண்டு போக முடியாதே.

விதிவிலக்கு ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் போக முடியாது. பேக்ஜேயின் பழைய தலைநகரான கோங்ஜுவில், 1971 ஜூலையில், 5, 6ஆம் எண் கல்லறைகளில் தண்ணீர் புகாமலிருக்க வடிகால் வெட்டினார்கள். மண்வெட்டி ஒரு செங்கல் சுவரில் இடித்தது. யாரும் தொடாத இன்னொரு கல்லறை. கதவை அடைத்திருந்த செங்கலை எடுத்தால், எதிரே சுமார் 30 சென்டிமீட்டர் உயரத்தில் பன்றி மாதிரி ஒரு கல் விலங்கு, தலையில் இரும்புக் கொம்போடு, வாசலைப் பார்த்துக் காவலுக்கு நிற்கிறது. அதன் முன்னால் இரண்டு கற்பலகைகள். இங்கே இருப்பவர் பேக்ஜேயின் சாமா அரசர், 62ஆம் வயதில் இறந்தார் என்று எழுதியிருக்கிறது. வரலாற்றில் முர்யோங் என்று வருபவர் அவர்தான். 523இல் இறந்து 525இல் அடக்கம் ஆனவர். பலகையின் மேல் சீன இரும்புக் காசுகள் ஒரு கட்டு. எதற்கு என்றால், புதைக்கும் நிலத்தைப் பூமித் தெய்வங்களிடம் முறைப்படி விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். பலகை கிரயப் பத்திரம், காசு ரொக்கம். ராஜாவே ஆனாலும் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை.

அதை அகழ்ந்த விதம்தான் சோகம். செய்தி பரவி, நிருபர்களும் ஊராரும் குவிந்து, கூட்டத்துக்குப் பயந்து ஒரே இரவில் எல்லாவற்றையும் அள்ளி எடுத்துவிட்டார்கள். எது எங்கே கிடந்தது என்று ஒழுங்காக வரைந்துகூட வைக்கவில்லை. படம் எடுக்க நுழைந்தவர்கள் காலில் மிதிபட்டு ஒரு வெண்கலக் கரண்டி உடைந்தது என்பார்கள். அகழாய்வை நடத்தியவரே அதைத் தன் வாழ்நாள் அவமானமாகச் சொல்லி வருந்தினார். இரண்டு ஆண்டு கழித்து கியோங்ஜுவில் அவ்வளவு எச்சரிக்கையாக வேலை நடந்ததற்கு இந்தச் சூடும் ஒரு காரணம். முர்யோங் கல்லறையின் உள்ளே இப்போது யாரையும் விடுவதில்லை, 1997இலேயே மூடிவிட்டார்கள். பக்கத்தில் மாதிரி கட்டி வைத்திருக்கிறார்கள்.

பேக்ஜே கல்லறைக்குக் கதவு இருந்தது, பெயரும் இருந்தது. கியோங்ஜு மேடுகளில் கதவும் இல்லை, பெயரும் இல்லை. யாரும் திரும்ப வந்து படிக்கப் போகாத இடத்தில் பலகை எதற்கு வைப்பார்கள்? ஒரு தடவை மூடினால் மூடியதுதான். இதனால் இன்னொரு சிக்கலும் வந்தது: கணவன் இறந்து சில வருடம் கழித்து மனைவி இறந்தால், அதே அறையில் கொண்டுபோய் வைக்க முடியாது. அப்படியானால் ஒட்டிக்கொண்டு இன்னொரு மேடு எழுப்ப வேண்டியதுதான். கியோங்ஜுவில் சில மேடுகள் நடுவில் இடுப்பு ஒடுங்கி, இரண்டு திமிலோடு தெரியும். கொரியர்கள் அதைச் சுரைக்குடுக்கை வடிவம் என்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஜோடி மேடுதான் அந்த 98ஆம் எண். இப்போது பெயர் ஹ்வாங்நாம் தேச்சோங். வடக்கு தெற்காக 120 மீட்டர் நீளம், உயரம் 22 மீட்டருக்கு மேல். 1973 முதல் 1975 வரை தோண்டி, 58,000க்கும் மேற்பட்ட பொருள்களை எடுத்தார்கள். தெற்கு மேட்டில் சுமார் 60 வயது ஆண், வாள்களோடு. வடக்கு மேட்டில் பெண். அவர் இடைக்கச்சையின் வெள்ளி முனையில் ‘அம்மையாரின் கச்சை’ என்று பொருள்படும் மூன்று சீன எழுத்துகள். இதில் வேடிக்கை, தங்க மகுடம் இருந்தது அம்மையாரிடம். ஐயா தலையில் இருந்தது தங்க முலாம் பூசிய வெண்கலம்.

இது பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. சில்லாவின் முதல் அரசி சோன்தோக் பட்டத்துக்கு வந்தது 632இல், இந்த மேட்டுக்குப் பல தலைமுறை தள்ளி. ஆகவே வடக்கு மேட்டுப் பெண் ஆண்டவர் அல்லர். தங்க மகுடம் இருந்தால் அரசர் என்று அதுவரை எல்லோரும் வைத்திருந்த கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது. போதாததற்கு, 1924இல் தோண்டிய இன்னொரு மேட்டில் சின்ன அளவில் ஒரு மகுடம், கூடவே தங்க மணி. அது சிறுவனுடையது என்கிறார்கள். இந்தத் தங்கத் தகடுகள் மெல்லியவை, தலையில் வைத்து நடந்தால் ஆடி வளையும். அகழும்போது கிடந்த நிலையைப் பார்த்தால் மகுடம் நெற்றியில் இல்லை. முகத்தையே மூடி மோவாய் வரை இறங்கியிருந்தது. உயிரோடு இருக்கும்போது சூடியதா, சாவுக்கென்றே செய்ததா என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். நிமிர்ந்து நிற்கும் மரக்கிளைகள், பின்னால் இரண்டு மான்கொம்புகள், தொங்கும் பச்சைக் கல் வளைவுகள் என்று அதன் வடிவத்தைப் பார்க்கிறபோது எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. அரசவையில் உட்கார்ந்து வழக்குக் கேட்கிறவர் சூடுகிற பொருளாக அது தெரியவில்லை.

பெயர் தெரியாத கல்லறையை எப்படி அழைப்பது? கொரிய மொழியில் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள், பலகைகளைப் படிக்க அது உதவும். இன்ன அரசர் என்று உறுதியானாலோ மரபு ஒப்புக்கொண்டாலோ ‘நுங்’ (சொல்லின் இடத்தைப் பொறுத்து ‘ருங்’ என்றும் ஒலிக்கும்). யார் என்று தெரியாது, ஆனால் உள்ளே குறிப்பிடத்தக்க பொருள் கிடைத்தது என்றால் ‘சோங்’. மற்றவை ‘புன்’, அதோடு வெறும் எண். ஆகவே இந்த ஊரின் புகழ்பெற்ற கல்லறைப் பெயர்களெல்லாம் உள்ளே கிடைத்த சாமானின் பெயர்கள்: தங்க மகுடக் கல்லறை, தங்க மணிக் கல்லறை, வெண்கலக் கிண்ணக் கல்லறை. கிண்ணத்தின் கதை தனி. 1946இல், ஜப்பானிய ஆட்சியிலிருந்து விடுதலையான பின் கொரியர்கள் தாங்களே நடத்திய முதல் அகழாய்வில் அது கிடைத்தது. அடியில் எதிரி நாடான கோகுர்யோவின் குவாங்கேதோ அரசர் பெயரும் 415க்கு உரிய ஆண்டும் பொறித்திருந்தன. ஒரு கிண்ணம் எப்படி எல்லை தாண்டி வந்தது என்று அப்போதிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

சியோன்மாச்சோங் என்றால் ‘விண்குதிரைக் கல்லறை’. சேணத்தின் இரண்டு பக்கமும், சேறு தெறிக்காமல் தொங்கவிடும் தட்டி ஒன்று உண்டு; நம் பாஷையில் மட்கார்டு. பூர்ச்ச மரப்பட்டையைப் பல அடுக்காகத் தைத்து, அதில் வெள்ளைக் குதிரை ஒன்று பிடரி பறக்க ஓடுவதை வரைந்திருந்தார்கள். மரமும் துணியும் மக்கிப்போன இடத்தில் மரப்பட்டை ஓவியம் 1,500 ஆண்டு தாங்கியதே பெரிய விஷயம். அகச்சிவப்புக் கதிரில் பார்த்தபோது தலையில் கொம்பு போல ஏதோ தெரிந்தது. குதிரையே இல்லை, கிரின் என்ற புராண விலங்கு என்று ஒரு கட்சி கிளம்பியது. அதற்கு முன்பே வேறொரு சண்டை நடந்தது. சில்லா அரச வழியில் வந்த கிம் குலத்தார், எங்கள் முன்னோர் கல்லறைக்குக் குதிரையின் பெயரா, மாற்றுங்கள் என்று 1980களில் மனுக்கொடுத்தார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் வேறு என்ன பெயர் வைப்பது?

பெயர் ஒட்டும் வேலையை முன்னோரும் செய்து பார்த்தார்கள். 1730 வரை கியோங்ஜுவில் இன்னாருடையது என்று ஒப்புக்கொண்ட அரசர் கல்லறைகள் 11தான். அந்த ஆண்டு பாக் குலமும் கிம் குலமும் கூடிப் பேசி, 17 மேடுகளுக்கு அரசர் பெயர்களைப் பங்கிட்டு, 28 ஆக்கின. அந்தக் காலத்து அறிஞர் ஒருவரே இதைக் கண்டித்து, ஆதாரம் எங்கே என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். இன்று பலகையில் ‘இன்ன அரசர் ருங்’ என்று பார்க்கும்போது கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வாளர்கள் சந்தேகமில்லாமல் ஏற்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மேற்கே சோவாக் மலையடியில் முயோல் அரசருக்கு ஆமை மேல் நிறுத்திய கல்வெட்டின் தலைப்பகுதி, பெயரோடு, இன்னும் இருக்கிறது. நகரத்துக்கு வடக்கே ஹுங்தோக் அரசரின் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்தன. 681இல் இறந்த முன்மு அரசர் தன்னை எரிக்கச் சொல்லிவிட்டார். கிழக்குக் கடலோரத்துப் பாறைத் திட்டு அவருடையது, கடற்கரையில் நின்று பார்க்கலாம்.

மேட்டுக்குள் வைத்தவற்றில் தங்கத்தைவிட மனிதர்களை நெருக்கமாகக் காட்டுபவை வேறு. ஹ்வாங்நாம் தேச்சோங்கின் தெற்கு மேட்டில் மெல்லிய கண்ணாடிக் குடுவை ஒன்று, வாய் பறவை அலகு மாதிரி. மேற்கே மத்தியதரைக் கடல் பக்கத்துக் கண்ணாடி வேலை, பாலைவனம் தாண்டி வந்திருக்கிறது. அதன் கைப்பிடி புழக்கத்திலேயே உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தைத் தங்கக் கம்பியால் சுற்றிச் சரிசெய்திருக்கிறார்கள். உள்ளூரில் தங்கம் கிடைக்கும், அந்தக் குடுவை இன்னொன்று கிடைக்காது.

இன்னொரு மேட்டின் ஓரத்தைச் சமீபத்தில் மறுபடி தோண்டியபோது 27 பெரிய பானைகள் கிடைத்தன. உள்ளே மீன், சிப்பி, கடல் முள்ளெலி, ஓங்கில், அதோடு பேத்தை மீன் என்று 7,700 எலும்பும் ஓடும். அது படையல். பேத்தை மீனின் விஷத்தை நீக்கிச் சமைக்க அப்போதே தெரிந்திருக்கிறது என்பது அதில் கிடைத்த உபரிச் செய்தி.

அப்புறம் ஒரு பதினைந்து வயதுப் பெண். ஹ்வாங்நாம் தேச்சோங் தெற்கு மேட்டில், ஐயாவின் பேழைக்கு வெளியே அவளுடைய எலும்பும் பல்லும் கிடைத்தன. கூடவே அனுப்பப்பட்டவள். அரசர் இறந்தால் ஆண் ஐவர், பெண் ஐவரைக் கொன்று புதைக்கும் வழக்கம் இருந்ததாகவும், 502இல் ஜிஜுங் அரசர் அதைத் தடை செய்ததாகவும் சம்குக் சாகி என்ற பழைய கொரிய வரலாற்று நூல் சொல்கிறது. கியோங்ஜுவுக்கு மேற்கே, கோர்யோங்கில், சில்லாவின் அண்டைச் சிற்றரசுகளின் கூட்டமான கயாவின் அரசர்களுடைய மேடுகள் மலை முதுகில் வரிசையாக நிற்கின்றன. 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஏழு கயா இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே 44ஆம் எண் மேட்டில் பிரதான அறைகளைச் சுற்றி 32 சிறிய கல் அறைகள். எல்லாம் துணைக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு. சாயங்கால வெயிலில் அந்த மலை முதுகு கொள்ளை அழகு. ஆனால் இது தெரிந்தபின் அழகு என்று சட்டென்று சொல்ல வாய் வராது.

கயா என்றதும் தமிழ் வாசகர் கேட்கப் போகிற கேள்வி தெரியும். கிம்ஹேயில் இருக்கும் ஹோ அரசியின் மேடு. 48இல் கடல் கடந்து வந்து சுரோ அரசரை மணந்தவர், ஊர் ‘ஆயுதா’. அதை அயோத்தி என்று ஒரு தரப்பும், தமிழகம் என்று இன்னொரு தரப்பும் உறுதியாகச் சொல்கின்றன. கதையைச் சொல்லும் சம்குக் யூசா எழுதப்பட்டது 13ஆம் நூற்றாண்டில், சம்பவத்துக்கு 1,200 ஆண்டு கழித்து. அந்த ஒரு சொல்லை வைத்து ஊர் கண்டுபிடிப்பது இரு தரப்பிலும் ஊகம்தான். இதைவிட உறுதியான தடம் சின்னது: முர்யோங் கல்லறை முதலான இடங்களில் கிடைத்த கடுகளவுக் கண்ணாடி மணிகள். அரிக்கமேட்டில் குழாயாக இழுத்து அறுத்துச் செய்த மணிகளும் அதே வகை. அந்தத் தொழில்நுட்பம் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருந்ததால் மணி நம் கடற்கரையிலிருந்தே போனது என்று சொல்லிவிட முடியாது. கைவேலை போயிருக்கிறது, அது நிச்சயம்.

மேடு கட்டும் பழக்கம் ஏன் நின்றது? 6ஆம் நூற்றாண்டில் சில்லா சட்டம், பட்டம், அரசாங்கம் எல்லாவற்றையும் மாற்றியது. 527இல் பௌத்தத்தை ஏற்றது. பெருமையைக் காட்ட மேடு வேண்டாம், கோயிலும் கோபுரமும் போதும் என்றானது. கல்லறைகள் சமவெளியை விட்டு மலையடிக்குப் போயின. வாசல் வைத்த கல்லறைகள் வந்தன. இனி மனைவியைக் கணவன் பக்கத்திலேயே கொண்டுபோய் வைக்கலாம். திருடனும் வரலாம். வந்தான்.

சமவெளி மேடுகளுக்கு உண்மையான ஆபத்து வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1921இல் ஒரு மதுக்கடையை விரிவாக்கக் கொல்லைப்புறத்தை வெட்டியபோது முதல் தங்க மகுடம் வெளிப்பட்டது. ஜப்பானிய ஆட்சிக் காலம். முறையான ஆய்வு இல்லாமல் நாலே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். 1926இல் ரயில்வே வேலைக்கு மண் தேவைப்பட்டது, அதற்கு ஒரு மேட்டை வெட்டினார்கள். அப்போது அந்தப் பக்கம் வந்திருந்த ஸ்வீடன் பட்டத்து இளவரசர், தொல்லியல் ஆர்வம் உள்ளவர், மகுடத்தைத் தன் கையால் எடுத்தார். அதனால் கல்லறையின் பெயரில் ஸ்வீடனைக் குறிக்கும் எழுத்தும் ஃபீனிக்ஸ் பறவையும் சேர்ந்து ‘சோபோங்சோங்’ ஆனது. அதே மகுடத்தை 1935இல் பியோங்யாங்கில் கண்காட்சிக்குக் கொண்டுபோய், விருந்தில் ஆடிப்பாட வந்த பெண்ணின் தலையில் வைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பத்திரிகையில் வந்து நாறியது. இதுவரை கிடைத்த சில்லா தங்க மகுடங்கள் ஆறு. 2025இல்தான் ஆறும் முதல்முறையாக ஒரே இடத்தில், கியோங்ஜு தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன.

இனி பார்க்கப் போவது பற்றி. தேருங்வொன் என்ற மதில் சூழ்ந்த தோட்டத்தில் 23 மேடுகள். 2023 மே முதல் உள்ளே போகக் கட்டணம் இல்லை. சியோன்மாச்சோங்கிற்கு மட்டும் பெரியவர்களுக்கு 3,000 வொன். அதன் உள்ளே மேட்டைப் பாதியாக அறுத்துக் காட்டியிருப்பார்கள்: மண், களிமண், கல், மரம் என்று அடுக்கு தெரியும். கண்ணாடிப் பெட்டியில் மினுங்குவது நகல்தான், அசல் அருங்காட்சியகத்தில். எனவே தங்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் கல்லைப் பாருங்கள். வெளியே இரண்டு மேடுகளுக்கு நடுவில் தனியாக நிற்கும் மக்னோலியா மரத்தடியில் படம் எடுக்க நீண்ட வரிசை நிற்கும். அந்த வரிசையில் முக்கால் மணி நேரம் போனால் ஹ்வாங்நாம் தேச்சோங்கைச் சுற்றி நடக்க நேரம் இருக்காது. அதை வடக்கு தெற்காகச் சுற்றினால்தான் அந்த இடுப்பு தெரியும்.

மேட்டில் ஏறக்கூடாது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் சாக்கை விரித்துச் சறுக்கி விளையாடியதாக ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது சட்டம் பாயும். 2020 நவம்பரில் ஜோக்செம் பக்கம் ஒருவர் மேட்டு உச்சியில் தன் எஸ்யூவியைக் கொண்டுபோய் நிறுத்த, கொரியா முழுக்கக் கொதித்தது.

தெருவைத் தாண்டி எதிர்ப்புறம் போனால் மதில் இல்லாத மேடுகள். கூட்டம் குறைவு, எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும். போங்ஹ்வாங்தே என்ற பெரிய மேட்டின் மேல் கிழட்டு மரங்கள் வளர்ந்து நிற்கின்றன, யாரும் வெட்டவில்லை. நெடுங்காலம் ஜனங்கள் இதைக் கல்லறை என்றே நினைக்கவில்லை. ஃபீனிக்ஸ் பறவை ஊரை விட்டுப் பறக்காமலிருக்க அதற்கு முட்டை மாதிரி செய்துவைத்த மண்குன்று என்று கதை. இது இன்னும் தோண்டப்படாத மேடு.

அதன் பக்கத்தில்தான் 1921இல் மதுக்கடைக் கொல்லையில் வெளிப்பட்ட கல்லறை, கும்க்வான்சோங். 2015இல் மறுபடி தோண்டி, கற்குவைக்குள் சாரம் மாதிரி மரச்சட்டம் கட்டிக் கல்லை நிறுத்தியிருந்தார்கள் என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சட்டத்தோடு 2022இல் ஒரு காட்சிக்கூடம் திறந்தார்கள். இங்கிருந்து 1921இல் எடுத்த வாள் ஒன்று, 90 ஆண்டுக்கும் மேலாகத் துருப்பிடித்து அருங்காட்சியகக் கிடங்கில் கிடந்தது. 2013இல் துருவைச் சுத்தம் செய்தவர்கள் உறையின் மேல் நான்கு எழுத்துகளைப் பார்த்தார்கள்: ‘இசாஜி வாங்’, இசாஜி அரசர். மறு அகழாய்வில் வாளுறையின் முனை ஒன்று கிடைத்தது, அதில் ‘இசாஜி அரசரின் வாள்’.

ஒருவழியாக ஒரு பெயர். ஆனால் ஏட்டில் உள்ள 56 அரசர்களில் இசாஜி என்று யாரும் இல்லை. தெரிந்த அரசர் ஒருவரின் வேறு பெயராக இருக்கலாம். அரச குடும்பத்துப் பெரிய மனிதர் எவரேனும் ‘வாங்’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவர் வேறு யாருக்கோ பரிசாகக் கொடுத்த வாளாகவும் இருக்கலாம். காட்சிக்கூடத்தின் வாசலில் இன்றும் தங்க மகுடக் கல்லறை என்றுதான் எழுதியிருக்கிறது.